கேள்வி சுமந்தவர்

அந்த வகுப்பறைக்கு ஜன்னல் என்று ஒன்று இருந்தது. ஆனால் திறக்க வராது. யாரோ ஒரு புண்ணியவான் சட்டத்தையும் கதவையும் சேர்த்து வண்ணம் அடித்துவிட்டுப் போயிருந்தான். கீழே டயர் கடை. ரப்பர் வாசனை நாளெல்லாம் மாடியேறி வந்து மாணவர்களோடு உட்கார்ந்து பாடம் கேட்கும். வானத்தில் பறக்கிறவர்களுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்க ஊரில் இதைவிட அடைசலான இடம் பள்ளி நடத்துகிறவர்களுக்குக் கிடைக்கவில்லை போலும்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் மீசை முளைத்த சூட்டோடு ஹெலிகாப்டர் ஏறியவர்கள். இவருக்குக் காதோரம் வெளுத்துவிட்டது. பாடம் நடத்துகிற வாத்தியாரே இவரைவிடச் சின்னவர். அவருக்கும் இவர் சித்தப்பாதான்.

சித்தப்பா ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை. கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கிற மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருகிற ஹெலிகாப்டரில், வருஷக்கணக்காக இடது இருக்கையில் உட்கார்ந்து வந்தவர். வலது இருக்கை கேப்டனுக்கு, இடது இருக்கை துணை விமானிக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. அந்த ஒரு முழத்தைத் தாண்டுவதற்குத்தான் சட்டம், எந்திரம், எடைக் கணக்கு, வழி காணுதல், வானிலை என்று தாள் தாளாக எழுதச் சொல்லி உயிரை வாங்குகிறார்கள். மற்ற எல்லாத் தாளையும் சித்தப்பா தேறிவிட்டார். வானிலையில் மட்டும் மூன்று தடவை மண்ணைக் கவ்வினார். நாலாவது தடவைதான் கடைசி. அதிலும் போனால் தேறிய தாள்களும் செல்லாமல் போய்விடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கம்பெனி அதுவரை பொறுக்காது. கேப்டனாவதற்கான பெரிய உரிமம் இல்லாத துணை விமானிகளை அடுத்த வருஷம் வைத்துக்கொள்வதாக இல்லை என்று முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்கள். இந்த வயசில் வேறு எவன் கூப்பிட்டு உட்கார வைப்பான்?

இதில் வேடிக்கை என்னவென்றால், கடலில் மூடுபனி எப்போது எழும், எப்போது கலையும் என்று மேடையில் இருக்கிறவர்கள் இவரைத்தான் கேட்பார்கள். அப்படிப்பட்ட மனுஷனுக்கு வானிலை வராது என்று வகுப்பே முடிவு கட்டியிருந்தது. அவரும் அதை நம்ப ஆரம்பித்திருந்தார், அதுதான் கொடுமை.

அந்த வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியே மூச்சு விட மாட்டார்கள். தேர்வு நடப்பது வேறொரு கட்டடத்தில், கணினித் திரையில். துண்டுக் காகிதம்கூட வெளியே கொண்டுவர முடியாது. அதனால் தேர்வுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் வாத்தியார் பங்கு பிரித்துக் கொடுப்பார். முதல் பக்கத்துக் கேள்விகள் உனக்கு, அடுத்த பக்கம் உனக்கு. தன் பங்குக் கேள்விகளை, கீழே உள்ள நாலு விடைகளோடு அப்படியே மண்டையில் ஏற்றிக்கொண்டு வந்து, படியிறங்கிய கையோடு அவரிடம் ஒப்பிக்க வேண்டும். அவர் தட்டிச் சேர்த்துக்கொள்வார். அடுத்துப் போகிறவர்கள் அதை உருப்போடுவார்கள். இதற்குப் பேர் கேள்வி சுமப்பது. சுமப்பதில் சித்தப்பாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் வழியெல்லாம் சிந்திவிட்டு வருவார்கள். இவர் ஒரு கமா விடாமல் கொண்டுவந்து இறக்குவார். அதனால் இவர் பங்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் பெருத்துக்கொண்டே போனது.

விஷயம் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்தது அவர் மனைவிதான். அவள் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். வானத்தை அண்ணாந்து பார்க்கவும் நேரம் இல்லாதவள். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டே, எதிரே உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தவரைக் கேட்டாள்.

"நாலு விடையும் சொல்றீங்களே, இதுல எது சரி?"

சித்தப்பா திருதிருவென்று விழித்தார். போன தடவை அவர் சுமந்து வந்த கேள்விதான் அது. நாலு விடையும் வரிசை மாறாமல் நாக்கில் நின்றன. எது சரி என்று மட்டும் தெரியவில்லை.

"அங்க உட்கார்ந்து இதைத்தான் பண்ணிட்டு இருந்தீங்களா? கேள்வியை மனப்பாடம் பண்ணிட்டு, விடையை அவசரத்துல ஏதோ ஒண்ணைத் தட்டிட்டு வந்துட்டீங்க. அப்படித்தானே?"

மூன்று தடவையும் அப்படித்தான் என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

அவள் அவர் கையிலிருந்த பயிற்சித் தாளைப் பிடுங்கி, விடைகளின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். "இப்ப சொல்லுங்க. கடல் மேல மூடுபனி ஏன் வருது?"

"சூடான ஈரக்காத்து, குளிர்ந்த தண்ணி மேல நகர்ந்து வந்தா..." என்று ஆரம்பித்தவர், காற்று லேசாக அடித்தாலும் அது கலையாது என்பதுவரை சொல்லி முடித்தார். அவள் கையை எடுத்தாள். விடை மூன்றாவதாக இருந்தது. அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"இந்தத் தடவை எதையும் சுமக்க வேண்டாம். எழுதிட்டு மட்டும் வாங்க" என்றாள்.

"உன் தம்பிக்கு?"

அவள் தம்பியும் அதே வகுப்புதான். அக்கா வீட்டிலேயே தங்கி, அத்தானின் மேஜையிலேயே படிப்பவன். அத்தான் தேர்வு முடிந்த மறுவாரம் அவனுக்கு வானிலை. புத்தகத்தைத் தொட மாட்டான். வாத்தியார் சேர்த்துவைத்த கேள்விகள்தான் அவனுக்கு வேதம்.

"அவன் படிச்சுக்குவான். நீங்க உங்களைப் பாருங்க."

சரி என்று தலையாட்டினார். ஆட்டியது எளிது. மறுநாளே வாத்தியார் பிடித்துக்கொண்டார். கடைசி முயற்சிக்கு, இவர் தயார் என்று பள்ளியின் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் தேர்வறைக் கதவு திறக்காது.

"கையெழுத்துக்கு என்ன சித்தப்பா, தாராளமாப் போடறேன்" என்றார் வாத்தியார், பேனாவை எடுக்காமல். "இந்தத் தடவை முழுத்தாளும் நீங்கதான். உங்க மச்சானும் அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கான்."

பக்கத்தில் நின்ற மைத்துனன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "அத்தான் இருக்கும்போது எனக்கென்ன கவலை சார்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லையென்றால் தேர்வே இல்லை. சித்தப்பா மென்று விழுங்கி, இதற்கும் தலையாட்டினார். பேனா தாளில் ஓடியது. ஒரே தலையை வீட்டில் ஒரு பக்கமும் இங்கே ஒரு பக்கமும் ஆட்டிவிட்டு வந்த மனுஷன், அன்று சாயங்காலம் டயர் கடை வாசலிலேயே வெகுநேரம் நின்றார். எந்தப் பக்கம் நடந்தாலும் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்த பிறகு கால் எப்படி எழும்?

தேர்வன்று அறையில் ஏசி குளிர். முதல் கேள்வி திரையில் வந்ததுமே பழைய வியாதி தலைகாட்டியது. தலைக்கு மேல் சுழலும் ரோட்டர் இறக்கையில் பனி உறைவது பற்றிய கேள்வி. விடையை யோசிக்கும் முன்பே மனசு அதை மடித்து மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டது. அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். அது பாட்டுக்குக் கட்டியது. வேறு வழி தெரியாமல், திரையின் கீழ்ப்பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

கண்காணிப்பாளர் பின்னால் வந்து நின்றார். "என்ன பண்றீங்க?"

"விடையை மறைக்கிறேன் சார்."

"யாருகிட்டேருந்து?"

"என்கிட்டேருந்துதான்."

அவர் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். திரையைக் கையால் மறைக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை போலிருக்கிறது, நகர்ந்துவிட்டார்.

அதன் பிறகு சித்தப்பா ஒவ்வொரு கேள்வியாகக் கடலுக்குப் போய் வந்தார். கையை வைப்பார், கண்ணை மூடுவார், அந்த மேகத்தையும் அந்தக் காற்றையும் எந்த நாளில் எங்கே பார்த்தோம் என்று நினைப்பார், விடையை வாய்க்குள் சொல்லிக்கொள்வார், கையை எடுத்துத் தேடித் தட்டுவார். தட்டிய மறு நொடி அடுத்ததற்குத் தாவுவார், மனசு மூட்டைக் கயிற்றைத் தேடுவதற்குள். கடைசியில் திரை கொஞ்சம் யோசித்துவிட்டு, தேர்ச்சி என்றது. அவர் அந்தச் சொல்லின் மேலும் கையை வைத்துப் பார்த்தார். கையை எடுத்தபோதும் அது அங்கேயே இருந்தது.

மாடிப்படியில் வாத்தியாரும் மைத்துனனும் காத்திருந்தார்கள். வாத்தியார் மடிக்கணினியை முழங்கால் மேல் திறந்தே வைத்திருந்தார்.

"பாஸ்" என்றார் சித்தப்பா. கண் கலங்கியிருந்தது.

"அடி சக்கை" என்று வாத்தியார் கையைக் குலுக்கினார். "சரி, சூடு ஆறுறதுக்குள்ள சொல்லுங்க. முதல் கேள்வி?"

சித்தப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. "பனி உறையறது பத்தி ஒண்ணு இருந்துச்சு."

"சரி. எப்படிக் கேட்டிருந்தான்? நாலு விடை என்ன?"

"தெரியலை."

"அடுத்தது?"

"மூடுபனி பத்தி ஒண்ணு. காத்து பத்தி... ரெண்டோ மூணோ."

"காத்து, பனி எல்லாம் பாடப்புத்தகத்துலேயே இருக்கே அத்தான்" என்றான் மைத்துனன். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "விளையாடாதீங்க."

"சத்தியமா ஞாபகம் இல்லைப்பா."

வாத்தியார் மடிக்கணினியைப் பட்டென்று மூடினார். "போன தடவை கமா எங்க இருக்குன்னு சொன்ன ஆளு. தேறினதும் ஞாபகம் போயிடுச்சு. பரவாயில்லை, நல்லா இருங்க."

எவனாவது நம்புவானா? பொய் சொல்லியே பழக்கமில்லாத மனுஷன், உண்மையைச் சொல்லி முதல்முறையாகப் பொய்யன் பட்டம் வாங்கினார். மைத்துனன் வீட்டுக்குத் தனியாகப் பஸ் பிடித்துப் போனான்.

வீட்டில் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பிறகு தம்பி குளிக்கப் போன நேரம் பார்த்து, அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக் குரலைத் தணித்தாள்.

"என்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் எழுதிக் குடுத்துடறேன் அவனுக்கு."

"நீதானே சுமக்க வேண்டாம்னு சொன்னே?"

"சொன்னேன். ஆனா உங்களால மறக்க முடியாதுன்னு நினைச்சேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். குளியலறையில் தண்ணீர் நின்றது. "உட்காரச் சொல்லு, பாடமா சொல்லித் தரேன். இன்னும் ஒரு வாரம் இருக்கு" என்றார். அவள் அவர் கையை விட்டுவிட்டு, சரி, சாப்பிட வாங்க என்றாள். அந்தச் சரியில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை அவர் சீருடை போட்டுக்கொண்டு, வாசலுக்குப் போகிற குறுகலான நடையில் நின்று ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அறையைவிட்டு மைத்துனன் பையோடு வந்தான். மேஜை மேல் அத்தான் அவனுக்காகத் திறந்து வைத்திருந்த வானிலைப் புத்தகம் அப்படியே கிடந்தது. சமையலறையில் அக்கா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

இத்தனை வருஷமாக ஊர் வாயில் கேட்க ஏங்கிய சொல்லை முதலில் சொன்னவன் அவன்தான்.

"கொஞ்சம் வழி விடுங்க, கேப்டன்."

சித்தப்பா அவிழ்ந்த கயிறோடு இடது பக்கமாக ஒதுங்கி நின்றார்.