கண்ணாடி மலையின் பின்பக்கம்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு பிளக் பாயிண்ட். அது சுவரில் இருந்தது. கூடத்தின் நடுவில் இருந்திருந்தால் நான் வேறு எதையாவது எழுதிப் பிழைத்துப் போயிருப்பேன்.

1983. திருவண்ணாமலையில் ஒரு சின்ன அருங்காட்சியகம். அதன் பொறுப்பாளர் சக்கரபாணி, கடைகளுக்குக் கண்ணாடி வெட்டிப் பெயர்ப்பலகை செய்துதரும் ஜியாவுல்லாவைக் கூப்பிட்டு, உள்ளே விளக்கெரிகிற கண்ணாடி மலை ஒன்று செய்யச் சொன்னார்.

மலைக்குப் பின்னே சூரியன் மெல்ல

(இப்படித்தான் முதலில் ஆரம்பித்தேன். எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

2

அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நிற்கிற இடத்துக்கு இடம் மலையின் உருவம் மாறும். ஜியாவுல்லா ஆறு மாதம் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்து எல்லாப் பக்கத்தையும் செய்தார். கிழக்கே, கோயில் பக்கம் நன்றாகவே வந்தது. ஆனால் உயிரைக் கொடுத்துச் செய்தது மேற்குப் பக்கத்தைத்தான். அவர் மனைவி அஜ்மத் பேகம் மலைக்குப் பின்னால் ஒரு கிராமத்தில் பிறந்தவர். "எங்க பக்கம் பாத்தாதான் அது மலை" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர்.

[முந்தைய படியில் அந்த அம்மாவைச் சாகடித்திருந்தேன். உங்களை அழவைக்கச் சுலபமான வழி. பிறகு வெட்கமாகிவிட்டது. அவர் நன்றாக இருக்கிறார். திறப்பு விழாவுக்கும் வருகிறார்.]

3

"செவுத்தோரமா வெச்சாதான் பாய் ஒயர் எட்டும்" என்றார் சக்கரபாணி, திறப்பு விழாவுக்கு முந்தின நாள். அப்படி வைத்தால் மேற்குப் பக்கம் சுவரைத்தான் பார்க்கும்.

"நடுவுல வெச்சுடுங்க சார். சுத்தி வந்து பாக்கட்டும். உன் பக்கத்த வந்து பாருன்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கேன்."

"நாளைக்கு மந்திரி வராரு. ஒயர் தடுக்கி உழுந்துட்டார்னா என் கதி என்னா?"

"அப்ப கோயில் பக்கத்த..."

ஜியாவுல்லா நிறுத்திக்கொண்டார். கோயில் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் அந்த வாக்கியத்தை முடித்துவைக்கலாம். எனக்கென்ன, எழுதிவிட்டு எழுந்து போய்விடுவேன். அந்த ஊரில் கடை வைத்திருப்பவர் அவர்.

சக்கரபாணி தலைகுனிந்துகொண்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர். (அவரை வில்லனாக்க இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.)

4

முடிவு ஒன்று: சக்கரபாணி துணிந்து மலையை நடுவில் வைக்கிறார். நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். அவர் துணியவில்லை.

முடிவு இரண்டு: ஜியாவுல்லா கோபித்துக்கொண்டு மலையைத் தூக்கிப் போகிறார். நாலு ஆள் சுமை அது. வெறும் கோபத்தால் தூக்க முடியாது.

நடந்தது இதுதான். மந்திரி சுவிட்சைப் போட்டார், எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு அஜ்மத் பேகம் சுவரில் கன்னத்தை ஒட்டிவைத்து, மலைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த நாலு விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெரியுதா?" என்றார் ஜியாவுல்லா.

(வீட்டில் அவர்கள் பேசுவது உருது. நான் எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.)

"நல்லா தெரியுதுங்க. எங்க அம்மா வீடுகூட தெரியுது."

அந்த மலையடியில் ஜியாவுல்லா ஒரு வீடும் செய்திருக்கவில்லை.

அவர் என்ன பதில் சொன்னார்? மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். அந்த அம்மா இன்னும் சுவரோரம்தான் நிற்கிறார், கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு. நீங்களே ஏதாவது சொல்லுங்கள். பொய்யென்றாலும் பரவாயில்லை.