பாஞ்சாலை கற்ற இங்கிலீஷ்

அடி அண்ணாமலை ஊர்ப் பாஞ்சாலை இங்கிலீஷ் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தாள். டென்மார்க்கிலிருந்து மகள் வருகிறாள் என்று தகவல் வந்திருந்தது.

1989இல் பம்புசெட்டில் மின்சாரம் தாக்கி அவள் கணவன் செத்துப்போனான். மூன்று வயது மகன் மாறனும் கைக்குழந்தை ஒன்றும் மிச்சம். அந்தப் பெண் குழந்தைக்கு எப்போதும் மூச்சு வாங்கியது. இதயத்தில் ஓட்டை, ஆபரேஷன் செய்தால்தான் தங்கும் என்றார்கள். ஒரு காப்பகத்தின் மூலம் வெளிநாட்டுத் தம்பதி தத்தெடுக்க முன்வந்தார்கள். எங்கேயாவது பிழைத்திருந்தால் போதும் என்று கொடுத்துவிட்டாள்.

இப்போது அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயது. பெயர் கிளாரா.

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் கவிநிலா சொல்லிக்கொடுத்தாள்.

“ஐ யாம் யுவர் மதர். சொல்லுங்க அத்தை.”

“ஐ யாம் இவர் மதர்.”

“இவர் இல்ல அத்தை, யுவர். உன்னோடனு அர்த்தம்.”

மல்லாட்டைச் செடி பிடுங்கி வேர்க்கடலை ஆயும்போதும் பாஞ்சாலை அதையே முணுமுணுத்தாள். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து மாறன் பார்த்ததே இல்லை.

செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சந்திப்பு. கவிநிலாவையும் கூட்டிக்கொண்டு மூவரும் ஆட்டோவில் போனார்கள். கதவைத் திறந்தவளுக்கு அப்படியே பாஞ்சாலையின் நெற்றி, பாஞ்சாலையின் மூக்கு.

“ஹலோ, ஐ யாம் கிளாரா.”

பிறகு, கட்டிலோரம் உட்கார்ந்திருந்த நரைத்த வெள்ளைக்கார அம்மாளின் தோளில் கைபோட்டுக்கொண்டாள்.

“திஸ் இஸ் மை மதர்.”

அந்த அம்மாள் எழுந்தாள். பிள்ளையைப் பறிகொடுக்கப் போகிறவளின் பயம் கண்ணில் தெரிந்தது. அது எப்படியிருக்கும் என்று பாஞ்சாலைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“மை நேம் இஸ் பாஞ்சாலை,” என்றாள். “திஸ் இஸ் மாறன்.”

கவிநிலா திகைத்துத் திரும்பினாள். கிளாரா ஏதோ கேட்டாள்.

“உங்கள என்னனு கூப்பிடறதுனு கேக்கறாங்க அத்தை.”

“அதான் பேரு சொன்னேனே. அதச் சொல்லியே கூப்பிடச் சொல்லு.”

கிளாரா பாஞ்சாலையின் கையை எடுத்துத் தன் நெஞ்சுத் தழும்பின் மேல் வைத்தாள்.

“வலிச்சிதாம்மா?” என்றாள் பாஞ்சாலை.

கவிநிலா கேட்டுச் சொன்னாள். “ரொம்பச் சின்ன வயசாம் அத்தை. ஒண்ணும் ஞாபகம் இல்லையாம்.”

திரும்பும்போது ஆட்டோவில் மாறன் பொறுக்க முடியாமல் கேட்டான். “ஏம்மா சொல்லல? அவ்ளோ படிச்சியே?”

“அந்தம்மா எதிர்ல எப்பிட்றா சொல்றது? ஆபரேஷன் பண்ணி, பக்கத்துலயே இருந்து காப்பாத்துனது அவங்கதானே.”

“அப்ப நீ யாரு?”

பாஞ்சாலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

டென்மார்க் திரும்பிய பிறகு மாறனின் செல்போனுக்குக் கிளாரா பேசினாள். கவிநிலா கூட இருந்தவரை பேச்சு நடந்தது. அவள் கல்யாணமாகி ஆரணிக்குப் போய்விட்டாள். அதன்பின், “ஹலோ பாஞ்சாலை” என்று கேட்கும். இவளும் “ஹலோ” என்பாள். அடுத்து என்ன சொல்வதென்று இரண்டு பேருக்கும் தெரியாது. மூச்சுச் சத்தம் மட்டும் வரும். போன் வருவது குறைந்தது. பிறகு நின்றேவிட்டது.

மாறனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கிளம்பும் அன்று அந்தப் போனைத் தன்னிடமே விட்டுப்போகச் சொன்னாள் பாஞ்சாலை. அதற்கு எப்படிச் சார்ஜ் போடுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.