சோலை இருந்த பள்ளம்

பாக்சைட் தோண்டியவர்கள் மலையை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருஷமாயிற்று. சாமிச் சோலை இருந்த இடத்தில் செம்மண் பள்ளம் வாயைப் பிளந்து கிடந்தது. அதில் தேங்கிய தண்ணீரில் தவளைகூடக் கத்தாது. பைல் நாட்டு மலையூர்களில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. மாதனின் மனைவி குப்பாயி மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் போவாள். சோலைக்குள் செருப்போடு நுழையக்கூடாது என்பது வழக்கம். மரம் போன பிறகும் அவள் பழைய எல்லையிலேயே செருப்பைக் கழற்றுவாள். சீக்காளிக்குத் துணையிருப்பதுபோல் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள்.

மாதனுக்கு அது வெட்கக்கேடு. செம்மேட்டுச் சந்தையில் ஊர்க்காரன் சின்னுசாமி, "ஏனப்பா மாதா, உன்ற பொண்டாட்டி குழிக்கு வைத்தியம் பாக்கறாளாமா? ஊசியா, மாத்திரையா?" என்று கேட்டபோது சிரித்துச் சமாளித்தான்.

ஐப்பசி மழை பிடித்த ஒன்பதாம் நாள் மத்தியானம், குப்பாயி மேலேயிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்தாள்.

"ஏனுங்க, பள்ளத்துல தண்ணி குறைஞ்சிருக்குது."

"இத்தனை மழைக்கு எப்படிப் புள்ள குறையும்?"

"அதத்தானுங்க நானும் கேக்கறேன்."

பள்ளத்துக்கு நேர் கீழேதான் அவர்கள் வீடும் ஒன்றரை ஏக்கர் மரவள்ளியும்.

"வாழவந்தி நாட்டுக்கு, அண்ணன் ஊட்டுக்கு இன்னைக்கே போயிரலாமுங்க."

"கிழங்கு புடுங்க இன்னும் ரெண்டு மாசம் கெடக்குது. பன்னி தின்னட்டும்ங்கறியா?"

அவள் சொன்னது பொய்யென்று காட்டவே அவன் மேலே ஏறினான். அவளும் பின்னால் வந்தாள்.

கூலிக்கு அந்த மண்ணை வெட்டியவர்களில் அவனும் ஒருவன். அதன் பிறகு இன்றுதான் வருகிறான். எல்லையில் ஒரு கணம் நின்றான். சாமியே போன இடத்தில் செருப்பு இருந்தால் என்ன என்று நினைத்தான். ஆனாலும் கழற்றினான்.

நாலடி வைத்ததும் உள்ளங்காலில் ஒரு நடுக்கம் ஏறியது, பக்கத்தில் லாரி போவதுபோல. அங்கே ரோடே கிடையாது. பள்ளத்தில் தண்ணீர் ஓராள் உயரம் இறங்கியிருந்தது. எங்கும் வழிந்த தடமில்லை. அத்தனையும் மலைக்குள் போயிருந்தது.

மாதன் குனிந்து மலை மண்ணைத் தொட்டுப் பார்த்தான்.

"நம்ம மேல கோவமா அதுக்கு?"

"கோவமில்லீங்க," என்றாள் குப்பாயி. "அதுக்குத் தாங்க முடியல."

கீழே வந்ததும் முதலில் மாட்டை அவிழ்த்தான். ரேஷன் கார்டையும் ரெண்டு மூட்டைத் துணியையும் அவள் எடுத்துக்கொண்டாள். எதிர்மேட்டில் ஏறி அவன் திரும்பிப் பார்த்தபோது மழை விட்டிருந்தது. காற்றும் இல்லை. மரவள்ளிச் செடிகள் மட்டும், மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக, மண்ணோடு வீட்டின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தன.