பொலிகார்ப்போ தொப்பியைக் கழற்றிய நாள்

மணிலாவுக்குப் பக்கத்தில், காவித் ஊரில் சிப்பி எடுத்து விற்கும் பொலிகார்ப்போ இரண்டு வருடமாகத் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றவில்லை.

அப்போது ஸ்பானியர் ஆட்சி. ஸ்பானியப் பாதிரியார் எதிரே வந்தால் தொப்பியைக் கழற்றி, குனிந்து, அவர் கையை முத்தமிட வேண்டும். அவர் வந்த நேரம் பொலிகார்ப்போவின் இரண்டு கையிலும் சிப்பிக்கூடை. தொப்பி கழலவில்லை. மாதாகோயில் வாசலில் நிறுத்திப் பிரம்பால் விளாசினார்கள். எழுந்தவன், “நாடு நம்ம கைக்கு வர்ற வரைக்கும் இது எறங்காது” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

இறங்கவேயில்லை. ஓலைத் தொப்பியோடு குளித்தான், தூங்கினான். முடி வளர்ந்து ஓலையோடு பின்னிக்கொண்டது. முதல் மழையில் உச்சியில் நெல் முளைத்தது; அவன் மனைவி பிபியானா அதை அறுத்து ஒரு வேளைக்குப் பொங்கினாள். குருவி ஒன்று குடிவந்து, பேரப்பிள்ளை எடுத்த பிறகே காலி செய்தது. சண்டையில் ஸ்பானியன் சுட்ட குண்டு உள்ளே நுழைந்து, வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே தங்கிவிட்டது.

பாடு எல்லாம் பிபியானாவுக்குத்தான். பக்கத்தில் படுத்தால் ஓலை கண்ணைக் குத்தும்.

“நான் ஒன்னக் கட்டிக்கிட்டேனா, கூரையக் கட்டிக்கிட்டேனா?”

“நாடு வரட்டும்டி.”

“அதுக்குள்ள எனக்குப் பல்லு போயிரும்.”

பல் போவதற்குள் நாடு வந்தது. மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பல்களை, அவர்களோடு சண்டைக்கு வந்த அமெரிக்கர்கள் ஒரே காலையில் மூழ்கடித்தார்கள். கரையில் நம் புரட்சிப்படை ஊர் ஊராகப் பிடித்தது. பாதிரியார் வைக்கோலுக்கடியில் படுத்து மாட்டுவண்டியில் ஓடினார். ஜூன் பன்னிரண்டு, ஞாயிறு மாலை, காவித்தில் பெரிய வீட்டு ஜன்னலில் கொடி விரியும் என்று சேதி வந்தது. பிபியானா தேங்காயெண்ணெயும் சீப்புமாகக் கிளம்பினாள்.

கொடி விரிந்தது. நீலம், சிவப்பு, வெள்ளையில் ஒரு சூரியன். பேண்டு முழங்க, கூட்டம் முழுக்கத் தொப்பியைக் கழற்றியது. பொலிகார்ப்போ இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். கிழங்கு பிடுங்குகிற மாதிரி வந்தது. உள்ளிருந்து ஒரு பல்லி இறங்கி, யாரையும் பார்க்காமல் நடந்து போயிற்று. பக்கத்திலிருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக விலகினார்கள்.

அவனுக்குக் கண் கலங்கியது. பிபியானா எண்ணெய் வைத்துச் சிக்கெடுக்கத் தொடங்கினாள்.

ஜன்னலில் ஒருவர் விடுதலைப் பிரகடனத்தைப் படித்தார், ஸ்பானிய மொழியில். பாதிரியார் வீட்டில் சமைத்தவள் பிபியானா. வசவு உட்பட அந்த மொழி அத்துபடி.

“என்னடி சொல்றாரு?”

“நம்மள அடிச்சது, கொன்னது, நாடு கடத்துனது எல்லாம் சொல்றாரு.”

“என்னையச் சொன்னாரா?”

“ஒன் ஒருத்தனுக்காகத் தனியாவா படிப்பாங்க? மொத்தமாச் சொல்லிட்டாரு. பேசாம இரு.”

சீப்பு பாதித் தலையில் நின்றது.

“ஏன் நிறுத்திட்ட?”

“வல்லமையும் கருணையும் உள்ள வட அமெரிக்க நாட்டோட பாதுகாப்புல நமக்கு விடுதலைங்கிறாரு.”

“யாரு பாதுகாப்புல?”

“அந்தக் கப்பல்காரங்கதான்.”

“நீ கேட்டியா?”

“நான் ஏன் கேக்கப்போறேன்?”

“நானும் கேக்கல.”

கூட்டம் ஆர்ப்பரித்தது. வாசற்படியில் ஒரு அமெரிக்க அதிகாரி நின்றிருந்தார். முன்வரிசை ஆட்கள் கழற்றிய தொப்பியோடே அவர் பக்கம் திரும்பி, பழகிய முதுகை வளைத்தார்கள். பொலிகார்ப்போ அந்த முதுகுகளைப் பார்த்தான். தன் தொப்பியை எடுத்து, எண்ணெய்த் தலையில் அழுத்தி வைத்தான்.

காவலுக்கு நின்ற புரட்சிப்படை வீரன் நெருங்கினான். “என்னண்ணே, விருந்தாளி முன்னாடி? நாடுதான் வந்துருச்சுல்ல?”

“வந்துருச்சு தம்பி. கொடிக்குக் கழட்டியாச்சு. கூடவே காவக்காரனும் வந்திருக்கானே, அவனுக்குக் கழட்ட முடியாது. கப்பல் போகட்டும், பாப்போம்.”

வீரன் பிபியானாவைப் பார்த்தான், அவளாவது புத்தி சொல்வாள் என்று. அவள் சீப்பை இடுப்பில் செருகினாள். கோணியிருந்த தொப்பியை நேராக்கினாள். தோள்துண்டில் ஒரு கீற்றுக் கிழித்து, தொப்பியைப் புருஷனின் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள்.

“மெதுவாடி, கழுத்து நெரியுது.”

“நெரியட்டும். இந்தத் தடவ புடிச்சுக் குனிய வச்சாலும் விழக்கூடாது.”