பியானோவின் முதுகு

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அக்கா வீட்டில் திருடினேன். அக்கா என் கதைகளை மூன்றாம் பகுதி வரைதான் படிப்பாள். அதற்குள் கொட்டாவி வந்துவிடும். அதனால் விஷயத்தை நாலாம் பகுதியில் ஒளித்து வைத்திருக்கிறேன். அதுவரை கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

2

விக்டோரியா மகாராணி காலத்துப் பியானோ அது. சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் வகை. பூவேலை செய்த மரச்சட்டத்துக்குப் பின்னால் வெளுத்த பட்டுத்துணி. திறந்து பார்த்தால் உள்ளே பறவைக்கூண்டு மாதிரி வரிசையாகக் கம்பிகள். (அந்தக் கூண்டுக்குள் ஒரு பறவையை விட்டு அரைப்பக்கம் எழுதினேன். எனக்கே தூக்கம் வந்தது. அடித்துவிட்டேன்.) முகப்பில் மெழுகுவர்த்தி வைக்க இரண்டு பித்தளைக் கைகள்.

"மெழுகுவர்த்தி ஒளியில் அவள் விழிகள்..."

வேண்டாம். அக்கா அந்தப் பித்தளைக் கைகளில் மூக்குக்கண்ணாடியைத்தான் மாட்டிவைப்பாள்.

3

நடுவில் ஒரு பெடல். மிதித்தால் கம்பிகளுக்கு முன்னால் கம்பளித்துணி இறங்கும், சத்தம் அமுங்கிவிடும். கல்யாணமான புதிதில் விருந்தாளிகள் முன்னால் அக்கா ஒரு இடத்தில் தப்பாக வாசிக்க, அத்தான் சிரித்துத் தொலைத்தார்.

"இனிமே நான் வாசிக்கிறது உங்க காதுல விழாது. விழுந்துச்சுன்னா அன்னைக்கே இதை உடைச்சு விறகாக்கிடுவேன்!"

அன்றிலிருந்து பெடலை மிதித்தபடியேதான் வாசிக்கிறாள். அத்தானை நீங்கள் நம்புவீர்களா என்பதுதான் என் கவலை. இத்தனை வருஷம் கேட்காமலே இருந்துவிடும் மனுஷன் உண்டா?

4

(அக்கா தூங்கியிருப்பாள். சத்தம் போடாமல் படியுங்கள்.)

இந்த வகைப் பியானோவுக்குச் சத்தத்தைப் பெருக்கும் ஒலிப்பலகை முதுகில் இருக்கிறது. துணி சத்தத்தைக் குறைக்கும், நிறுத்தாது. மிச்சம் பின்பக்கமாகச் சுவருக்குள் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தானின் அறை.

நேற்று அக்கா வாசிக்கும்போது அங்கே போனேன். அத்தான் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, காதை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தான் இது?"

"ஷ்! நான் சிரிச்சேனே, அந்த இடம் வரப்போகுது... கேட்டியா? இப்பல்லாம் தப்பே பண்றதில்லடா."

"அக்காகிட்ட சொல்லிடலாமே?"

"விறகாக்கிடுவாடா! வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்."

கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது.

5

முடிவு ஒன்று: அக்கா கண்டுபிடித்துக் கோடாலியைத் தேடுகிறாள். எனக்குப் பிடிக்கவில்லை. முடிவு இரண்டு: அத்தான் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து... சீ, சினிமா.

மூன்றாவது முடிவு என் கையில் இல்லை.

அக்கா? நீ இன்னும் தூங்கலையா? ஐயையோ! சரி, படிச்சது படிச்சுட்டே. இன்னைக்கு வாசிக்க உட்காரும்போது பெடல்ல கால் வைக்கிறதும் வைக்காததும் உன் இஷ்டம். நாற்காலி சுவரோரமாத்தான் கிடக்கு.