மலைச்சரிவில் மேய்ந்த மாடுகள்

என் முழங்காலில் பாய்ந்த தோட்டாவைப் பற்றி வெள்ளகோவில் வட்டாரத்தில் ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். நூறு பட்டாணியரை நான் ஒருவனாகவே சுட்டுத் தள்ளினேனாம். எரிகிற விமானத்தை ஒற்றைக் கையால் ஓட்டி வந்தேனாம். அட போங்கய்யா! விமானம் எரியவும் இல்லை, நான் ஒரு மனிதனைச் சுடவும் இல்லை. நான் சுட்டது மாடுகளை.

நடந்தது இதுதான். 1937, ஆடி மாதம். வடமேற்கு எல்லையில் எங்கள் விமானப்படை பட்டாணிய மலைவாசிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ஊரைக் காலி செய்யச் சொல்லி முதல் நாள் நோட்டீஸ் வீசுவோம். மறுநாள் அந்த எல்லைக்குள் எது நடமாடினாலும் சுடலாம் என்பது உத்தரவு. அன்றைக்கு மனிதர் யாரும் கண்ணில் படவில்லை. சரிவில் ஒரு மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. தாழப் பறந்து சுட்டேன், மாடுகள் சிதறி ஓடின. அத்தோடு திரும்பியிருக்கலாம். குறி இவ்வளவு நன்றாக விழுகிறதே என்ற குஷி! இருபத்திரண்டு வயதுத் திமிர். வட்டமடித்து இன்னும் தாழ இறங்கினேன். ஒரு செவலைப் பசு மட்டும் ஓடாமல் நின்றது. அதன் காலடியில் கன்று. இரண்டையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் விசையை அழுத்தினேன்.

பாறைக்குப் பின்னாலிருந்து மந்தைக்காரன் எழுந்து நின்றான். நரைத்த தாடி. துப்பாக்கியைத் தூக்கி ஒரே ஒரு வெடி. என் முழங்கால் சில்லு நொறுங்கிவிட்டது. பூட்ஸுக்குள் ரத்தம் கொழகொழவென்று இறங்க, எப்படியோ விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

ஆஸ்பத்திரியில் நான்கு மாதம். அங்கே வெட்கம் தெரியவில்லை, பக்கத்துக் கட்டில்களில் கிடந்தவர்களும் அதே வேலை செய்தவர்கள்தானே. ஊருக்கு வந்த பிறகுதான் பிடித்துக்கொண்டது. என் அய்யன் மாரப்பன் காங்கயம் மாடு வளர்ப்பவர். வீட்டு ஆட்களைவிட மாடுகளோடுதான் அதிகம் பேசுவார். ஆத்தா பழனாத்தாள் வேளை தவறாமல் ஒரு சொம்புப் பாலை என் முன்னால் நீட்டுவாள்.

"குடி சாமி. மயிலப் பசுவோட பாலு. எலும்பு வெரசாக் கூடிரும்."

கூடியும் விட்டது! தை பிறப்பதற்குள் தடி இல்லாமல் நொண்டி நொண்டி நடந்தேன். மாட்டுப் பாலைக் குடித்துத்தான் என் கால் தேறியது என்று நினைக்கிறபோதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மாட்டுப் பொங்கலை எங்கள் பக்கம் பட்டிப் பொங்கல் என்போம். மாடு அடைக்கும் பட்டிக்குள் சாணியால் வரப்புக் கட்டித் தண்ணீர் ஊற்றிச் சின்னதாக ஒரு தெப்பம் செய்வோம். வீட்டு ஆண் ஒருவன் கன்றின் கயிற்றைப் பிடித்து அதைத் தாண்டவைக்க வேண்டும். பட்டி பெருகட்டும் என்று வேண்டிக்கொள்கிற சடங்கு. எப்போதும் அய்யன் செய்வதுதான். அந்த வருஷம் ஊரே கூடி நிற்க, கயிற்றை என் கையில் திணித்தார்.

"இந்த வருசம் என்ற பையன் புடிக்கட்டுமுங்க. சண்டைல செயிச்சுப்போட்டு வந்த கையி."

காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், வளர வளரத்தான் நிறம் மாறும். கயிற்றின் மறுமுனையில் அப்படி ஒரு செவலைக் கன்று. கிட்டே வந்து என் விரலை நக்கியது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அடி எடுத்து வைக்க முடியவில்லை.

"ஏனுங் மாப்ள, பட்டாணிக்காரனுக்குப் பயப்படாதவரு கன்னுக்குட்டிக்குப் பயப்படறீங்களா?" என்று செங்கோடன் மாமன் கேட்க, கூட்டம் சிரித்தது.

அய்யன் காதருகே குனிந்தேன்.

"நான் சுட்டது ஆளுகள இல்லீங்கய்யா. மாடுகளைங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "எதுக்கு?" என்றார்.

"மொதத் தடவ உத்தரவுங்க. ரெண்டாந்தடவ நானாத்தானுங்க."

"கன்னு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

ஓங்கி அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை. கயிற்றை என் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"பையனுக்குக் காலு நோவுதாமுங்க. நானே புடிக்கறேன்."

அய்யன் பொய் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அதுவும் பட்டிக்குள், பொங்கல் பானைக்கு முன்னால் நின்றுகொண்டு, எனக்காகச் சொன்னார். அந்த இடத்திலேயே மண்ணுக்குள் புதைந்துவிட மாட்டோமா என்றிருந்தது. கன்று தெப்பத்தைத் தாண்டியது. "பொங்கலோ பொங்கல்!" என்று எல்லோரும் கத்தினார்கள். நான் மட்டும் பட்டியை விட்டு வெளியே வந்து வேலிக் கடவோரம் நின்றேன்.

ஜனங்கள் சாப்பிடப் போன பிறகு அய்யன் கன்றோடு அங்கே வந்தார்.

"உன்னையச் சுட்ட ஆளு என்னானான்?"

"தப்பிச்சு மலைமேல ஏறிட்டானுங்க."

குனிந்து என் காலைப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, கன்றுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.