செல்லம் நின்ற கதை

1

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. ஜொகூரில், சிம்பாங் ரெங்கம் கடைத்தெருவில் கருவாடு பொறுக்குவதுபோல நின்றுகொண்டு, பக்கத்தில் இரண்டு பெண்கள் பேசியதைக் காதில் வாங்கினேன்.

"செல்லம் பள்ளிக்கூடம் நின்னுட்டாளாமே" என்றாள் ஒருத்தி.

"நின்னுட்டாளா? அங்கதானே நிக்கிறா" என்றாள் மற்றவள்.

அதற்குள் கடைக்காரன், வாங்கப் போகிறீர்களா இல்லையா என்று கேட்டுவிட்டான். மிச்சத்தை நானே அலைந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. (கருவாடு வாங்கினேன். உப்பு அதிகம்.)

2

முதல் தொடக்கம்: ரப்பர் மரங்களின் மேல் விடியற்பனி மெல்ல—

வேண்டாம். பனி யார் கதையில்தான் இல்லை? சவரிமுத்து வாத்தியாரிடமிருந்து தொடங்குகிறேன். கவலை அவரிடம்தான் இருந்தது.

ரப்பர் விலை விழுந்து, தட்டுத் தடுமாறி எழுந்துகொண்டிருந்த வருடங்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், யார் சொன்னது என்று தேடுவார்கள். பள்ளிக்கூடம் என்பது அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஓர் அறை. வராத பிள்ளைகளைப் பற்றி மேலே எழுதி அனுப்ப வாத்தியாரிடம் மூன்றே சொற்கள் இருந்தன: காய்ச்சல், ஊருக்குப் போனது, நின்றது. காய்ச்சல் கொஞ்ச நாள்தான் தாங்கும். ‘நின்றது’ என்று எழுதினால், ஏன் நின்றது, நீர் என்ன செய்துகொண்டிருந்தீர் என்று கேள்வி வரும். ஆகவே அவர் எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவைத்தார். அவர் எழுதியதை நம்பினால், பாதி வகுப்பு நாகப்பட்டினத்தில் கப்பலைவிட்டு இறங்கியிருக்கும். உண்மையில் அந்தப் பாதி, பள்ளிக்குப் பின்னால் புல் வெட்டிக்கொண்டிருந்தது.

செல்லத்தை மட்டும் அவரால் கப்பலேற்ற முடியவில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

3

இந்த இடத்தில் செல்லத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. படிப்பின்மேல் இத்தனை ஆசை உள்ள பிள்ளை கதைகளில்தான் இருக்கும். மறுபடியும் விசாரித்தேன். ஆசையெல்லாம் அப்புறம், உள்ளே யாராவது வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க முடியாத வியாதி அவளுக்கு.

உள்ளே வராததற்குக் காரணம் அவள் தம்பி. அவன் கடிப்பான். ஆயாக்கொட்டகையில்* மற்றப் பிள்ளைகளைக் கடித்து முடித்து, ஆயாவையும் கடித்தான். அன்றே ஆயா அவனைத் தாய் காளியம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். காளியம்மா ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. தம்பி செல்லத்தின் இடுப்புக்கு வந்தான். கைப்பிள்ளையோடு வகுப்புக்குள் வரக்கூடாது என்பது வாத்தியாரின் சட்டம்.

*தாய்மார் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். ஆயாவின் கையில் பல் தடம் இன்னும் இருக்கிறதாம். கேட்டுப் பார்த்தேன், காட்டவில்லை.

4

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். இருப்பது கங்காணி ஐயாசாமிதான். அவருக்கோ மீசைகூடச் சரியாக வரவில்லை. பள்ளியில் பேர் உள்ள பிள்ளையைப் பெரட்டில், அதாவது விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், நிறுத்தக்கூடாது என்பது துரையின் உத்தரவு. அதனால் கங்காணி வாத்தியாரை அடிக்கடி நலம் விசாரிக்க வருவார்.

"செல்லம் பேர வெட்டியாச்சா வாத்தியாரே? புல்லுவெட்டுக்கு ஆள் பத்தல."

"பாக்கலாம் கங்காணி."

"வெளிய நின்னா அதுவும் பள்ளிக்கூடமா? என் மாடுந்தான் உங்க வாசல்ல நிக்குது. அதுக்கும் ஒரு பேர் போட்டுருங்களேன்."

வாத்தியார் வாசலைத் திரும்பிப் பார்த்தார். மாடு உண்மையிலேயே நின்றது. பேரை வெட்டினால் மறுநாளே செல்லத்தின் கையில் அரிவாள் இருக்கும். வெட்டாவிட்டால், வராத பிள்ளையை வந்ததாகக் காட்டுகிறார் என்று கங்காணியே மேலே போய்ச் சொல்லிவிடுவார். இதற்கிடையில் பள்ளி இன்ஸ்பெக்டர் ராஜசேகரன் வரப்போவதாகச் செய்தி. வாத்தியார் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தார். பிறகு வருகைப் பதிவேட்டில் ‘செல்லம் நின்றாள்’ என்று எழுதிவிட்டார். பேரின்மேல் கோடு கிழிக்க மட்டும் கை வரவில்லை. அதை இன்ஸ்பெக்டரே கிழிக்கட்டும்.

5

இன்ஸ்பெக்டர் வந்த அன்று மழை. (நிஜமாகவே மழையா என்று கேட்காதீர்கள். ஜொகூரில் மழை பெய்தது என்று எழுதினால் யாரும் சாட்சி கேட்பதில்லை.) பேர் வெட்டுவதைக் கண்ணால் பார்க்கக் கங்காணியும் வந்து வாசலோரம் ஒதுங்கியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்து, செல்லம் என்றார்.

"நின்னுட்டாளுங்க ஐயா" என்றார் வாத்தியார்.

"எங்க?"

எப்போது என்று கேட்க வந்தாரோ, ஏன் என்று கேட்க வந்தாரோ, தெரியாது. வாயில் வந்தது அதுதான். ஜன்னலுக்கு வெளியேயிருந்து பதில் வந்தது.

"இங்கதாங்க நிக்கிறேன்."

வகுப்பு சிரித்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து ஜன்னலருகே போனார். இடுப்பில் தம்பி, தோளில் சிலேட்டுப் பை.

"நனையலையா?"

"இல்லீங்க. கூரை இருக்கு."

"எந்த வீட்டுக் கூரை?"

"வீடு இல்லீங்க. பள்ளிக்கூடத்துக் கூரை."

"அப்ப நீ பள்ளிக்கூடத்துலதான் இருக்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

கங்காணிக்குப் பொறுக்கவில்லை. "அப்ப என் மாடு, ஐயா?"

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "அது நனையுது."

பிறகு, பிள்ளையை உள்ளே கூப்பிடச் சொன்னார். தம்பி இருக்கிறானே என்று வாத்தியார் இழுத்தார். தம்பியையும்தான் என்று பதில் வந்தது. செல்லம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் வாத்தியாரும் உட்கார்ந்தார். அன்று மத்தியானம் அவர் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டதாகக் கேள்வி.

6

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இன்ஸ்பெக்டர் கோடு கிழித்துவிட்டார். அன்று எனக்கே சோறு இறங்கவில்லை, கிழித்துப் போட்டேன். இன்னொன்றில் செல்லம் வளர்ந்து அதே பள்ளிக்கு வாத்தியாரம்மாவாக—

கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ‘நின்றாள்’ என்பதை அடித்துவிட்டு இன்ஸ்பெக்டர் என்ன எழுதினார்? ‘நிற்கிறாள்’ என்று எழுதினார் என்கிறாள் கருவாட்டுக் கடையில் பேசிய ஒருத்தி. ‘நிற்கவில்லை’ என்றுதான் எழுதினார் என்கிறாள் அவள் தோழி. இரண்டுக்கும் அங்கே அர்த்தம் ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்தேன். இருவரும் என்மேல் பாய்ந்தார்கள். கங்காணியிடம் கேட்கலாமென்றால், மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

செல்லம் ………………

பெஞ்சிலும் இடம் இருக்கிறது, உட்கார்ந்தே எழுதலாம். தம்பியிடமிருந்து மட்டும் கொஞ்சம் தள்ளி.